இருநூற்றுப் பதினான்காம் கடிதம்

1
இந்தக் கதை இரண்டே வாக்கியங்களிலிருந்து வந்தது. பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "படிச்சுட்டு முத்திரை குத்தினா ஆளுக்கொரு நியாயம் வந்துடும். குத்திட்டுத்தான் படிப்பேன்." எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2
முதல் தொடக்கம்: அன்று வானம் கறுத்து— (வேண்டாம். வானத்துக்கு இதில் என்ன வேலை?)

இரண்டாவது: எட்டு வயதுச் சிறுமி, விளையாட்டுச் சாமான் அறையில்— (நிறுத்திவிட்டேன். அந்த அறைக்குள் நான் போகப்போவதில்லை. நீங்களும் வர வேண்டாம். சிறுமி சொன்னாள், தாய் நம்பினார். கதைக்கு அது போதும்.)

மூன்றாவதுதான் சரி: காலை பத்தேகாலுக்கு எழுத்தரம்மா முத்திரையை மையில் ஒற்றினார்.

3
எதிரே நின்ற தாய் தையல் வேலை செய்பவர். அவர் நீட்டிய தாளில் எழுத்தரம்மா வழக்கம்போல் முத்திரை குத்தி, தேதி போட்டு, 214 என்று எண்ணிட்டு, தபால் பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான்* படித்தார். விளையாட்டு ஆசிரியர்மீது புகார். மூன்றாம் வரியில் எழுந்து, கடிதத்தோடு தாயைத் தலைமையாசிரியரிடம் அழைத்துப்போனார்.

(* இதில் வீரம் ஒன்றுமில்லை. முன்பொருமுறை படித்துக்கொண்டே இருந்ததில் ஒரு விடுப்புக் கடிதம் தொலைந்து, செமத்தியாக ஏச்சு வாங்கினார். அன்று பிடித்த பழக்கம்.)

தலைமையாசிரியர் தாயை உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார். பள்ளியின் பெயர், பெண்ணின் எதிர்காலம் என்று இதமாகப் பேசினார். சிறுமியின் தந்தைக்குப் போன் போட்டார். அவரும் விட்டுவிடச் சொன்னாராம். (இவரைக் கெட்டவராக்க மூன்று முறை முயன்றேன். மசியவில்லை. நல்ல மனிதர்தான், அதுதான் பயமாக இருக்கிறது.) கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால், அந்த ஆசிரியரைப் பள்ளியின் வேறு கிளைக்கு மாற்றிவிடலாம் என்றார்.

"அங்கயும் புள்ளைங்க இருக்குமே, சார்?" என்றார் தாய்.

தலைமையாசிரியர் எழுத்தரம்மா பக்கம் திரும்பினார்.

"இதைப் புத்தகத்துல ஏத்தலைல்ல?"

"ஏத்தியாச்சு, சார்."

"படிச்சுமா ஏத்துனீங்க?"

"ஏத்திட்டுத்தான் சார் படிச்சேன்."

4
இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுத்தரம்மா கொண்டுவந்து விரித்த பதிவேட்டில் பக்க எண் அச்சாகியிருக்கிறது; கிழித்தால் காட்டிக்கொடுக்கும். வரியை அடிக்கலாம், ஆனால் பக்கத்திலேயே காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தலைமையாசிரியர் பேனாவின் மூடியைத் திறந்தார். என்ன காரணம் எழுதுவது? பேனா அந்தரத்தில் நின்றது. என் பேனாவும்தான்.

எழுத்தரம்மா நிற்கவில்லை. தட்டச்சில் உட்கார்ந்தார். விரல்கள் பிசகாமல் ஓடின. காவல் நிலையத்துக்கு நான்கு வரி, மேலே புகாரின் எண்: 'பார்வை: 214'. அதைப் பதிவேட்டின் அருகில் வைத்தார்.

"பேனா திறந்துதான் இருக்கு, சார். நீங்க போடலைன்னா என் கையெழுத்துல போகும்."

5
தலைமையாசிரியர் 'தவறுதலாக' என்று எழுதி வரியை அடிப்பதாக ஒரு முடிவு எழுதினேன், கை கூசியது. மனம் மாறிக் கையெழுத்திடுவதாக ஒன்று எழுதினேன். என் ஆசை பல்லிளித்தது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

ஆகவே அவருடைய நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். வலப்பக்கம் பதிவேடு, இடப்பக்கம் காவல் நிலையத்துக்கான கடிதம், எதிரே தாய். இடைவேளை மணி அடித்துவிட்டது. சாமான் அறைச் சாவி உங்கள் மேசைமேல்தான் கிடக்கிறது. அதை வாங்கிப்போக விளையாட்டு ஆசிரியர் வாசலில் வந்து நிற்கிறார், கையை நீட்டியபடி.