அப்பா சாப்பிடாத மதியம்

என் அப்பா அரிஸ்தீதிஸ் முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் வீட்டுக் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டினவர். முட்டி இரண்டும் போய்விட்டன. கடலுக்குள் நிற்கும்போது மட்டும்தான் வலிக்காது என்பார். செப்டம்பரில் வேலைக்கு ஜெர்மனி போகிறேன் என்று நான் சொன்னதும், எங்கள் கிரேக்க நாட்டின் செரிஃபோஸ் தீவில் தன் முதலாளிக்கு இருந்த அறையை மூன்று நாளைக்குக் கேட்டு வாங்கினார்.

"நீ போறதுக்குள்ள உன்கூட ஒரு தடவ கடல்ல இறங்கணும், அரேத்தி. அவ்வளவுதான்."

முதல் இரண்டு நாளும் நான் இறங்கவில்லை. ஜெர்மன் மொழித் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கடற்கரை மர நிழலில் மடிக்கணினியோடு உட்கார்ந்துகொண்டு "நாளைக்கு" என்றேன். போதாததற்கு, பக்கத்துப் பாயில் எந்தப் பெண் வந்து படுத்தாலும் அப்பா ஆரம்பித்துவிடுவார்: "எம் பொண்ணு. எங்க குடும்பத்துலயே முதல் பட்டதாரி. கெமிஸ்ட்ரி!" அந்தப் பெண்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

கடைசி நாள். ஆறு மணிக்குக் கப்பல். மதியம் அம்மா டப்பாவைத் திறந்தாள். அரிசி அடைத்துச் சுட்ட தக்காளி, ரொட்டி, ஆலிவ். நான் குளிர்ந்த காபியோடு நிறுத்திக்கொண்டேன். அப்பா தட்டையே தொடவில்லை. இரண்டரை மணிவரை கடலைப் பார்த்தபடி இருந்தார்.

"சாப்பிடுங்கப்பா."

"நீ மட்டும் சாப்டியா?"

"நான் வேலையா இருக்கேன்."

"நானும் வேலையாத்தான் இருக்கேன்."

பக்கத்துப் பாய்க்காரி சிரித்தாள். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது.

"பட்டினி கெடந்தா எந்திரிச்சு வந்துருவேன்னு நெனப்பா? எல்லார் முன்னாடியும் நாடகம் போடாதீங்க. நாலு எழுத்து படிச்சிருந்தா இப்பிடி நடந்துக்க மாட்டீங்க."

அவர் தட்டை இழுத்து, இரண்டு தக்காளியையும் மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

மூன்றரைக்கு மடிக்கணினியை மூடினேன். "வாங்கப்பா, இறங்கலாம்."

"இப்ப எப்பிடி வருவாரு?" என்றாள் அம்மா. "சாப்ட்டு ஒரு மணி நேரந்தானே ஆச்சு. மூணு மணி நேரம் ஆகாம தண்ணியில கால் வைக்கலாமா?"

எங்கள் நாட்டில் எல்லா அம்மாக்களும் போடும் சட்டம் இது. சாப்பிட்டுவிட்டுக் கடலில் இறங்கினால் வயிறு இழுத்துக்கொண்டு முழுகிப்போவோமாம்.

"அதெல்லாம் சுத்தப் பொய்ம்மா."

"பொய்யோ மெய்யோ, நீ எப்பக் கூப்பிட்டாலும் உடனே இறங்கணும்னுதாண்டி மனுஷன் வெறும் வயித்தோட கெடந்தாரு. மூணு நாளா மதியச் சாப்பாட்டத் தொடல, இன்னிக்கு நீ கத்துற வரைக்கும். நீ நிமிர்ந்து பாத்தாத்தானே."

மூன்று நாள். நான் பார்க்கவில்லை.

"அதான் பொய்னு சொல்றேன்ல, வாங்கப்பா" என்றேன். மன்னிப்பு கேட்டிருக்க வேண்டிய இடத்தில் வாதாடினேன்.

"இருக்கட்டும் கண்ணு. எனக்கென்ன தெரியும், நீ படிச்சவ. நீ போ. நான் இங்கருந்து பாக்குறேன்."

கோபத்தோடு இறங்கினேன். கொஞ்ச தூரம் நீந்தித் திரும்பிப் பார்த்தால், அப்பா கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நிற்கிறார். பின்னால் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் கை தூக்கிக் காட்டினார். திரும்பிப் போய் அந்தக் கணுக்கால் தண்ணீரில் பக்கத்தில் நின்றிருக்கலாம். நாலு நிமிஷ நீச்சல்தான்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆழத்துக்குப் போனேன்.