வளர்ச்சிச் செலவு

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி மூடிய மாதத்திலிருந்து எங்கள் மகள் கவிநிலா வளர்வதை நிறுத்தி வைத்தோம். அதற்கு முன்பே கேபிளை நிறுத்தியாயிற்று. சாயங்கால பஜ்ஜியும், என் மனைவி பூங்கொடி போட்டுவந்த நகைச்சீட்டும் போயின. விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே இருக்க முடியும்? கடைசியில் வீட்டில் மிச்சமிருந்த வீண் செலவு பிள்ளையின் உயரம் ஒன்றுதான். செருப்பு, யூனிபார்ம் என்று அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போனது.

"கொஞ்ச நாளைக்குத்தான் கண்ணு" என்றேன்.

"சரிங்கப்பா" என்று அன்றே நிறுத்திக்கொண்டாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயருக்கு உயரப்படி நிற்க வைப்பார்கள். அவளும் அவள் சிநேகிதி தமிழரசியும் வரிசையின் கடைசியில் ஒட்டி நிற்பவர்கள். மற்ற பிள்ளைகள் வளர வளர இவள் முன்னால் நகர்ந்துகொண்டே வந்தாள். ஒருநாள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். முதல் ஆளாக நின்றுகொண்டு, திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்ததும், வீட்டுக்கு வந்து முதலில் அவளைத்தான் கூப்பிட்டேன்.

"இனி நீ வளரலாம் சாமி."

"வேண்டாங்கப்பா. இப்ப எதுக்கு வீண் செலவு?"

கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்துகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பூங்கொடி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். நான் கெஞ்சிப் பார்த்தேன். பிள்ளை மசியவில்லை.

பூங்கொடிதான் பிறகு வழி சொன்னாள்: "புதுசுன்னா அவ தொடமாட்டாளுங்க. பழசுன்னா வாங்கிக்குவா. பெரியப்பா புள்ளைங்க பழைய கவுனைப் போட்டு வளர்ந்தவதானே?"

அதுவும் சரிதான். மகளிடம் போனேன்.

"இது அப்பாவோட உயரம் கண்ணு. பழசுதான். எப்பவோ வாங்கினது."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "செலவில்லைங்களா?"

"ஒத்தப் பைசா இல்ல."

அன்றிலிருந்து தினமும் காலையில் கொஞ்சம் கொடுத்தேன். என் நீலப் பேண்டுகளில் மிஞ்சிய துணியை வெட்டி, பூங்கொடி அவள் யூனிபார்ம் பாவாடையை நீட்டித் தைத்தாள். பிரேயரில் தமிழரசி பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஒருநாள் மகள் ஓடிவந்து சொன்னாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. மிச்சத்தையும் நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டேன்.

நேற்று இருவரும் மினி பஸ்ஸில் போனோம். கண்டக்டர் அவளுக்கு முழு டிக்கெட்டும் எனக்கு அரை டிக்கெட்டும் கொடுத்தார். நல்ல கூட்டம், ஒரு சீட்தான் காலியாக இருந்தது. அவள் உட்கார்ந்து, என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.