எதிராளிக்கு ஒரு மகமை

இந்துமதியோடு மோதித் தோற்பதற்குக்கூட ஆள் இல்லாமல் போனதுதான் இத்தனைக்கும் காரணம்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் டீசல் பம்ப் சர்வீஸ் கடை நடத்துகிறவள் அவள். டிரெய்லரோ விசைப்படகோ, டீசல் பம்ப் மக்கர் பண்ணினால் கழற்றிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். அந்தக் கடையிலேயே ஒரு பழைய பிக்கப்பைப் பிரித்துப் போட்டு, பெரிய டர்போ வைத்துப் பூட்டி, பந்தய வண்டியாக்கி வைத்திருந்தாள். கால் மைல் நேர்ப்பாதை, பக்கம் பக்கமாக இரண்டு வண்டிகள், பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டும். அவ்வளவுதான் பந்தயம். முதல் வருடம் கோயம்புத்தூரில் டீசல் பிரிவில் மூன்று பேரை ஜெயித்தாள். அடுத்த வருடம் பெயர் கொடுத்த இருவர் அவள் ஓடிய நேரத்தைக் கேட்டுவிட்டு நைசாகப் பெயரை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். தனியாக ஓடினாள், கோப்பை கொடுத்தார்கள். அதற்கடுத்த வருடமும் அதே கூத்து. பக்கத்துத் தடம் காலியாகக் கிடக்க, தான் மட்டும் பறந்து போய்க் கோட்டைத் தொட்டு நிற்பதில் என்ன பெருமை இருக்கிறது? தான் உண்மையிலேயே வேகமா, அல்லது மற்றவர்கள் பயந்தாங்கொள்ளிகளா என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

இந்த வருடம் பந்தயம் நடத்துகிற கிளப்பிலிருந்து போன் வந்தது. இரண்டு அணியாவது இல்லாவிட்டால் டீசல் பிரிவையே எடுத்துவிடப் போவதாகச் சொன்னார்கள்.

இந்துமதி அன்றைக்கே தாய்லாந்தில் ஓர் அணியைப் பிடித்தாள். டீசல் பிக்கப் பந்தயத்தில் அந்த நாட்டுக்காரர்கள் சூரர்கள். கைபேசியின் மொழிபெயர்ப்பை வைத்து இரண்டு தரப்பும் தட்டுத்தடுமாறிப் பேசியதில், அணியின் ஓட்டுநர் கிட்டி விஷயத்தைத் தெளிவாகவே சொல்லிவிட்டான். வர ஆசைதான், ஆனால் வண்டியைக் கப்பலில் ஏற்றி இறக்குகிற செலவும் ஐந்து பேருக்கு விமானச் சீட்டும் கூப்பிடுகிறவர்கள் பொறுப்பு. கிளப்புக்காரர்களும் இறங்கி வந்தார்கள். வெளிநாட்டு அணி வந்தால் பந்தயத்தைத் தூத்துக்குடிக்கே கொண்டுவருகிறோம், கிடங்குகளுக்காகப் போட்டு இன்னும் திறக்காமல் கிடக்கும் அந்த நேர்ச்சாலை போதும் என்றார்கள்.

ஆக, பணம் மட்டும்தான் பாக்கி. அது கொஞ்சநஞ்சப் பணம் இல்லை. அவள் கடையை விற்றாலும் பாதிதான் தேறும்.

டயர் வியாபாரி, ஆயில் ஏஜென்ட், பேட்டரிக்காரர் என்று ஏறி இறங்கினாள். எல்லோரும் நாற்காலி போட்டு, காபி வாங்கிக் கொடுத்து, இல்லை என்று சொன்னார்கள். உப்பு வியாபாரி ஒருவர் மட்டும் வாய்விட்டே சிரித்தார்.

“எதிராளிக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்துக் கூட்டிட்டு வந்து அடி வாங்குத ஆளை இப்பதாம்மா பாக்கேன். உன் வண்டிக்குன்னு கேளு, இப்பவே தாறேன். அவனுக்கு நான் எதுக்குத் தரணும்?”

“அவன் வராட்டி என் வண்டிக்கு வேலையே இல்லையே அண்ணாச்சி.”

அவருக்கு அது புரியவில்லை. புரிய வைக்கிற பொறுமை அன்றைக்கு இவளுக்கும் இல்லை.

கடற்கரைப் பக்கம் படகு எஞ்சின் சாமான் கடை வைத்திருக்கும் ஷெர்லி இவளுடைய பள்ளித் தோழி. படகுக்காரர்களிடம் பேசி ஒரு தொகை திரட்டிக்கொண்டு வந்தவள், கடை வாசலில் உட்கார்ந்திருந்த இந்துமதியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏளா, என்னத்துக்கு ஊரெல்லாம் அலையுத? உங்க ஆளுகள்ல மகமைன்னு ஒண்ணு போடுவாவல்லா? அதைக் கேட்டா என்ன?”

இந்துமதி சட்டென்று எழுந்து நின்றாள். வீட்டுக்குள்ளேயே இருந்த சாமானை அடுத்த வீட்டுக்காரி வந்து எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

மகமை என்பது நன்கொடை இல்லை. அந்தக் காலத்தில் சந்தைக்கு வரும் மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குள் பேசிவைத்துப் பொதுப்பெட்டியில் போட்ட காசு அது. பள்ளிக்கூடம், கிணறு, கோயில், கல்யாண மண்டபம் எல்லாம் அப்படி வந்தவைதான். இப்போது மூட்டை போய்க் கன்டெய்னர் வந்துவிட்டது. இவளுடைய ஆட்கள் நடத்தும் டிரெய்லர் உரிமையாளர் சங்கத்திலும் லோடுக்கு இவ்வளவு என்று பெட்டி உண்டு. ஒருவர் கொடுப்பது வெளியே தெரியாது, சேர்ந்தால் மலை. ஆனால் எதற்குப் போடுவது என்று சங்கம் கூடித்தான் முடிவு செய்யும். சங்கத் தலைவர் வன்னியபெருமாள் அண்ணாச்சியோ லேசில் மசிகிற ஆள் இல்லை.

கூட்டத்தில் அவர் எடுத்த எடுப்பிலேயே வெட்டிவிட்டார்.

“மகமைத் துட்டுல பள்ளிக்கூடம் கட்டியிருக்கோம், ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கிக் குடுத்திருக்கோம். புகை விடுததுக்கா குடுக்கணும்? இந்த ஊருக்குப் புகை பத்தலையாக்கும்?”

சிரிப்பு அடங்கும் வரை இந்துமதி நின்றுகொண்டே இருந்தாள். பிறகு பேசினாள். உங்கள் வண்டி அத்தனையும் டீசல், உங்கள் பிழைப்பும் டீசல், டீசலைக் கரைத்துக் குடித்த இந்த ஊரில் ஒரு தடவையாவது ஒரு நிஜமான டீசல் பந்தயம் நடக்கட்டும் என்றாள். பேச்சு எடுபட்டது. நாலைந்து தலைகள் ஆடின. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “சரிம்மா, செயிச்சிருவியா? அதைச் சொல்லு. செயிப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லு, கையைத் தூக்கிருதோம்” என்றார்.

மண்டபமே அவள் வாயைப் பார்த்தது. ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டால் இத்தனை நாள் அலைச்சலும் அந்த நிமிடமே தீர்ந்துவிடும். சொல்லிவிட்டுத் தோற்றாலும் யாரும் தூக்கில் போடப் போவதில்லை. நாக்கு நுனிவரை வந்தது, அவளால் முடியவில்லை.

“தெரியாது அண்ணாச்சி. செயிப்பேன்னு தெரிஞ்சா அவியள எதுக்குக் கூப்பிடுதேன்? அதைத் தெரிஞ்சுக்கிடத்தானே கூப்பிடுதேன்.”

உஸ்ஸென்று கூட்டத்தில் காற்று இறங்கியது. வன்னியபெருமாள் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். கூட்டம் முடிந்தது என்று அதற்கு அர்த்தம். அப்போதுதான் செல்லத்தாய் எழுந்தாள். புருஷன் போன பிறகு ஒற்றை டிரெய்லரை மூன்றாக்கியவள், சங்கத்தில் அதிகம் வாய் திறக்காதவள்.

“ஒண்ணு கேக்குதேன். பள்ளிக்கூடம் கட்டுனோமே, பிள்ளைய எல்லாம் பாஸாவும்னு எழுதி வாங்கிட்டா கட்டுனோம்? என் மவன் அங்கனதான் படிச்சான். மூணு தடவை பெயிலானான். போட்ட மகமையை நீங்க யாரும் திருப்பிக் கேக்கலையே?”

முதலில் சிரித்தது வன்னியபெருமாள் அண்ணாச்சிதான். சிரித்த பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கேக்குத ஆளு முதல்ல போடணும். அதான் வழக்கம்” என்றார்.

இந்துமதி அந்த இடத்திலேயே இரண்டு தங்க வளையலையும் கழற்றிப் பெட்டியில் போட்டாள்.

அதன் பிறகு லோடு லோடாகச் சேர்ந்தது. துறைமுகம் மந்தமாக இருந்த மாதம் பெட்டியும் மந்தம். அந்த மாதம் முழுக்க லாரிகள் நிற்கிற டீக்கடையில் காலையிலும் சாயங்காலமும் போய் நின்றாள். சங்கத்தில் இல்லாத வண்டிக்காரர்களிடமும் பேசினாள். வேலைக்கு நடுவில் இது என்ன பைத்தியம் என்று கேட்டவர்களுக்கும் பதில் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். மகமை போட்டவர்களுக்கு ஒரு தடவை பம்ப் வேலை இலவசம் என்று ஆரம்பித்ததற்கு மட்டும் வன்னியபெருமாள் அண்ணாச்சி பிடிபிடியென்று பிடித்துவிட்டார். மகமைக்குப் பதில் செய்வது போட்டவனைக் கேவலப்படுத்துவது என்றார். “வேற நான் என்னதான் செய்ய?” என்று அவள் கெஞ்சியதற்கு, யோசித்துவிட்டு, “வாரவியளுக்கு எங்க வீட்டுல ஒரு வேளைச் சாப்பாடு. அவ்வளவுதான்” என்றார். இவ்வளவுதானா என்று இந்துமதி சந்தோஷமாகத் தலையாட்டினாள். செய்தி பரவி மற்றவர்களும் அதையே கேட்டார்கள். எல்லோருக்கும் தலையாட்டினாள்.

அங்கேதான் சறுக்கினாள். சங்கத்தில் எத்தனை வீடு, மனிதனுக்கு எத்தனை வயிறு என்று அவள் யோசிக்கவே இல்லை.

ஒருவழியாகப் பணம் சேர்ந்து, தாய்லாந்து அணி வந்து இறங்கிய நாளிலிருந்து பந்தயம் வரை ஐந்து பேரும் சாப்பிட்டார்கள். சீலா மீன் குழம்பு ஒரு வீட்டில், நாட்டுக்கோழி அடுத்த வீட்டில், நண்டும் இறாலும் ஷெர்லி வீட்டில். எண்ணெய் மிதக்கும் புரோட்டா சால்னா, வழிக்கு வழி முந்திரி மக்ரூன். போதும் என்று கும்பிட்டால் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு அள்ளி வைத்தார்கள். மற்ற நான்கு பேரும் சமாளித்தார்கள். மெலிந்த உடம்பும் சிரித்த முகமுமான கிட்டி யார் மனமும் நோகக் கூடாதென்று எல்லாவற்றையும் தின்றான். பந்தயத்தன்று விடிந்தபோது அவனால் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடுவில்தான் பந்தயம் ஓட முடிந்தது.

உப்பளங்களுக்கு நடுவே அந்தச் சாலையில் ஊரே கூடியிருந்தது. டீசல் பிரிவுக்கான நேரம் வந்தது. இந்துமதி தன் பிக்கப்பைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். கிட்டியின் வண்டியைப் பக்கத்துத் தடத்தில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள், அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள்தான் இல்லை. அவனைச் செல்லத்தாய் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தாள். கிளப் அதிகாரி கையில் கொடியோடு வந்தார்.

“அவர் வரலைன்னா வாக் ஓவர் மேடம். நீங்க தனியா ஓடி முடிச்சிருங்க, கப்பு உங்களுக்குத்தான்.”

இந்துமதி எஞ்சினை அணைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, வண்டிக்கு முன்னால் தார்ச்சாலையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஓட மாட்டேன். அவர் வரட்டும்.”

அதிகாரி கத்தினார். பின்னால் மற்ற பிரிவுகளின் வண்டிகள் ஹாரன் அடித்தன. உங்களையே நீக்கிவிடுவேன் என்றார். நீக்கிக்கொள்ளுங்கள், ஆனால் வண்டியை நகர்த்த நீங்கள்தான் ஆள் பார்க்க வேண்டும் என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தார் சூடு பேன்ட்டைத் தாண்டிச் சுட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆத்திரமும் வந்தது. கிட்டி மேல் இல்லை, ஆளுக்கொரு வேளை என்று தலையாட்டிய தன் மேல்தான்.

வன்னியபெருமாள் அண்ணாச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

“ஏளா, கோட்டி புடிச்சிருக்கா உனக்கு? ஓடு. கப்பு நமக்குத்தான்னு அவியளே சொல்லுதாவ. இத்தனை பேரு மகமை போட்டிருக்கோம்.”

“நீங்க மகமை போட்டது கப்புக்கு இல்ல அண்ணாச்சி. தனியா ஓடுன கப்பு என் கடையில ரெண்டு கெடக்கு. நட்டு போல்ட்டு போட்டு வச்சிருக்கேன். நீங்க போட்டது அந்தா நிக்குதே, அந்த வண்டிக்கு. அது ஓடாட்டி உங்க துட்டு அத்தனையும் தண்டம்.”

அவர் பக்கத்துத் தடத்து வண்டியைப் பார்த்தார். வியாபாரிக்குத் தண்டம் என்ற சொல் போய் உறைக்க வேண்டிய இடத்தில் உறைத்தது. இரண்டு எட்டு நடந்து, வேட்டியை மடித்துக் கட்டி, அவள் பக்கத்திலேயே தாரில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்துச் சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டீசல் பிரிவைக் கடைசிக்குத் தள்ளினார்.

கடைசி நேரத்துக்குச் செல்லத்தாயின் ஸ்கூட்டரில் கிட்டி வந்தான். முகம் வெளுத்துக் கிடந்தது, ஒரு கையில் மோர் பாட்டில். இந்துமதியைப் பார்த்துக் கும்பிட்டான். அந்த நேரத்திலும் சிரித்தான்.

இரண்டு வண்டிகளும் உறுமின. கரும்புகை எழுந்து உப்புக் குவியல்களை மறைத்தது. இந்துமதி இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரு வண்டி நின்றது. ஒரு முகம் இருந்தது. எத்தனை நாள் ஏங்கியதோ அதை நெஞ்சு நிறையப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பினாள். பச்சை எரிந்தது.

பாதித் தூரம் வரை ஒன்றாகப் போனார்கள். அதற்கு மேல் அவன் நகர்ந்தான். அவள் மிதித்த மிதிக்கு மேல் மிதிக்க வண்டியில் எதுவும் மிச்சம் இல்லை. அவனுடைய பின்விளக்கு அவளுக்கு முன்னால் கோட்டைத் தாண்டியது.

வண்டியை நிறுத்தி இறங்கியபோது இந்துமதிக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓடி வந்த ஷெர்லி எது நிஜம் என்று தெரியாமல் அவளைக் கட்டிக்கொண்டாள். சங்கத்துக்காரர்கள் வந்து சுற்றி நின்றார்கள். வயிற்றுப்போக்குக்காரனிடம் தோற்றதைப் பற்றி என்ன பேசுவது?

வன்னியபெருமாள் அண்ணாச்சி மட்டும் கிட்ட வந்தார்.

“எவ்வளவுல தோத்த?”

“ஒரு வண்டி நீளம் அண்ணாச்சி.”

அவர் அவளுடைய பிக்கப்பின் மூக்கிலிருந்து வால் வரை ஒரு தடவை பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இவ்வளவுதானா?” என்றார். “சரி, இந்த நீளத்துக்கு என்ன செலவாவும்? சொல்லு.”