கார்டை வெட்டிய கை

பேகம்பேட்டில் அந்த வீட்டுக்கடன் கம்பெனியில் ஏசி குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ தலை கொதித்துக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த இளங்கோவன் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி, பேனாவால் ஒரு வரியைத் தட்டிக் காட்டினான். அது என் வீட்டுக்காரர் நடேசனின் கிரெடிட் ரிப்போர்ட். ஒரு மனிதன் எந்த பாங்கில் எவ்வளவு வாங்கினான், ஒழுங்காகக் கட்டினானா, கம்பி நீட்டினானா என்று சகலமும் எழுதியிருக்கும் ஜாதகம்.

"லோன் ரிஜெக்ட் ஆயிடுச்சுண்ணே. மூணு கிரெடிட் கார்டு உங்க பேர்ல இருக்கு. மூணுலயும் பாக்கி. ஒண்ணை வராக்கடன்னே எழுதிட்டாங்க."

"நான் எங்கப்பா கார்டு யூஸ் பண்ணினேன்? மூணையும் வந்த அன்னிக்கே கத்தரிக்கோலால வெட்டிப் போட்டுட்டேனே," என்றார் இவர்.

வெட்டினார்தான். நானே பார்த்தேன். அது 2006. ஹைதராபாத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டு கார்டு கொடுத்த காலம். ஊரிலிருந்து பி.காம் முடித்துவிட்டு வந்த பையன்களெல்லாம் கார்டு விற்கிற வேலையில் சேர்ந்து, டார்கெட் டார்கெட் என்று அலைந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் எங்கே கூடினாலும் அங்கே ஒரு பையன் ஃபாரத்தோடு நிற்பான். பொங்கல் விழாவில் பந்திக்குப் போகிற வழியில் இவரைப் பிடித்தவன் சாட்சாத் இதே இளங்கோவன்தான். அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"அண்ணே, நீங்க மாயவரமா? நான் பக்கத்துல குத்தாலம்ணே. மாசக் கடைசி, இன்னும் நாலு கார்டு போட்டாத்தான் வேலை நிக்கும். ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே. கார்டு வந்தா வெட்டிப் போட்டுடுங்க, ஒண்ணும் ஆகாது."

குத்தாலம் என்ற ஒரு சொல் போதுமே இவருக்கு. போட்டுக் கொடுத்தார். அடுத்தடுத்து இன்னும் இரண்டு பையன்கள் வந்தார்கள். அவர்களுக்கும் போட்டார். இவர் மட்டுமில்லை, எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் இதைத்தான் செய்தார்கள். நம்ம ஊர்ப் பையன் டார்கெட்டுக்கு ஒரு கையெழுத்து, வந்த கார்டு குப்பைக்கூடைக்கு. அன்னதானத்துக்கு எழுதிவிட்டு வந்த மாதிரி திருப்தியாக நடமாடினார்கள்.

வெட்டினால் பிளாஸ்டிக்தான் போகும், கணக்கு அப்படியே இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. முதல் வருஷம்தான் இலவசம். அதன்பிறகு வருஷக் கட்டணம், கட்டாததற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. பில்லெல்லாம் நாங்கள் காலி செய்துவிட்டுப் போன அமீர்பேட் வீட்டுக்கு வந்து விழுந்திருக்கிறது. தொடாத கார்டுக்கு ஆறு வருஷத்தில் இவர் கடன்காரர்.

இளங்கோவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எங்களுக்கு புத்தி சொல்ல ஆரம்பித்தான். "வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரிப்போர்ட் எடுத்துப் பாக்கணும்ண்ணே. ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா சில்லறைக் காசு, கட்டி முடிச்சிருக்கலாம். இப்பக் கட்டினாலும் ரிப்போர்ட் மாறவே ரெண்டு மூணு மாசமாகும்."

எனக்கு வந்ததே கோபம். "ஃபாரம் நீட்டினியே, அன்னிக்கு இந்த வாய் எங்கப்பா போச்சு?"

"அக்கா, அப்ப எனக்கே தெரியாதுக்கா. டிரெய்னிங்ல அவ்வளவுதான் சொன்னாங்க."

"தெரியாததைத்தான் வீடு வீடா வித்தியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உடனே என் வீட்டுக்காரருக்கு உருகிவிட்டது. "விடு வசந்தா, சின்னப் பையன், அவன் என்ன பண்ணுவான். தம்பி, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. அக்கா அப்படித்தான் படபடன்னு பேசுவா."

அந்த இடத்தில் எனக்கு இளங்கோவன் மேலிருந்த ஆத்திரம் மொத்தமும் இடம் மாறி இவர்மேல் வந்து உட்கார்ந்தது. மியாபூரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். கொடுத்தோம் என்ன கொடுத்தோம், நான் கொடுத்தேன். சீட்டுப் போட்டுச் சேர்த்த இரண்டு லட்சம் அது. மாதக் கடைசிக்குள் லோன் வந்து ரிஜிஸ்டர் ஆகாவிட்டால் ஃபிளாட்டும் இல்லை, அட்வான்ஸும் இல்லை என்று பில்டர் கறாராகச் சொல்லியிருந்தார். பதிமூன்று வருஷமாக வாடகை வீடு. இப்போதிருக்கும் வீட்டில் ஓனரம்மா ஒன்பது மணிக்கு மோட்டாரை நிறுத்திவிடுவாள், அதற்குமேல் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாலும் படியேறி வந்து கேட்பாள். எனக்கு அந்த ஃபிளாட் வேண்டும். இவருக்கோ இளங்கோவன் மனசு புண்படக்கூடாது.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "இத்தனை வருஷத்துல பாங்க்லேர்ந்து ஒரு ஃபோன்கூட வரலையா?"

"வந்துச்சு. நாலைஞ்சு தடவை. கார்டை வெட்டியாச்சுன்னு சொல்லி வச்சுட்டேன். அப்புறம் அவங்களே விட்டுட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கத்துவே."

"இப்ப மட்டும் என்ன, தாலாட்டா பாடுறேன்?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோ சத்தத்தைக் குறைத்தார், நன்றாகக் கேட்க வேண்டும் என்றுதான். வீட்டில் மகள் பத்மப்ரியா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "லைட் தீஸ்கோ மம்மி," என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். லைட்டாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அப்பாவுக்கு ஏற்ற பிள்ளை. அன்று ராத்திரி நான் யாருக்கும் தோசை ஊற்றவில்லை.

மறுநாள் ஆபீசில் பக்கத்து சீட் சபீனாவிடம் கொட்டித் தீர்த்தேன். நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் இருக்கிறேன். சபீனாவும் அங்கேதான், ஆம்பூர்க்காரி. வருஷா வருஷம் ரம்ஜான் மாசத்தில் ஏழைகளுக்குக் கொடுக்கும் ஜக்காத்துக்குக் கணக்குப் பார்க்கும்போது, அதோடு சேர்த்துத் தன் கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுத்துவிடுவாள். கொடுக்க வேண்டியதைக் கணக்குப் பார்க்கும்போது, நம் பேரில் யார் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட வேண்டும் என்பாள். வேலையத்தவள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

"சரி, உன் ரிப்போர்ட் எப்படி இருக்கு?" என்றாள்.

"எனக்கு ஏதுடி ரிப்போர்ட்? லோனே அவர் பேர்லதான் முதல்ல போட்டோம். நான் அவர்கூட சேர்ந்து கையெழுத்துப் போட்டது மட்டும்தான்."

"ஸ்கூட்டி யார் சம்பளத்துல வாங்கின? ஃப்ரிட்ஜுக்கு யார் தவணை கட்டினது? எடுத்துப் பாரு முதல்ல, அப்புறம் அழு."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நெட்டில் பணம் கட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி எடுத்தோம். வசந்தகுமாரி நடேசன் என்று போட்டு ஒரு ரிப்போர்ட் வந்தது. இரண்டே கடன். ஸ்கூட்டி, ஃப்ரிட்ஜ். ஒரு தவணைகூடத் தப்பவில்லை. சபீனா அதில் போட்டிருந்த கிரெடிட் மார்க்கைப் பார்த்துவிட்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ்டி," என்றாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷமெல்லாம் இல்லை, ஆத்திரம். இத்தனை நல்ல பேரை வைத்துக்கொண்டு, ஆம்பிளை பேர்தான் முதலில் வரவேண்டும் என்று அந்த வெட்டின கார்டுக்காரருக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறேன்.

அங்கேயிருந்தே இளங்கோவனுக்கு ஃபோன் போட்டேன். "லோனை என் பேர்ல மட்டும் போடு. வீடும் என் பேர்லயே இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னான். "தாராளமாக் கிடைக்கும்க்கா. ஆனா அண்ணன் சம்பளத்தைச் சேக்க முடியாது. ஒரு ஆறு லட்சம் உங்க கையிலேர்ந்து போட வேண்டியிருக்கும்."

ஆறு லட்சம் என்னிடம் இல்லை. இவருடைய பி.எஃபில் இருந்தது, அதற்கு மேலும் இருந்தது. மனைவி பேரில் வீடு வாங்கினாலும் அதிலிருந்து எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இந்த மாதிரி ஃபாரங்களோடுதான் எனக்கு தினமும் குடித்தனம். பிரிண்ட் எடுத்து, பேர், நம்பர், தொகை எல்லாம் நானே நிரப்பி, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

இவர் காபி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, ஃபாரத்தையும் பேனாவையும் முன்னால் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். நான் சொல்லும்போதெல்லாம் தலையாட்டினார். பேனாவை மட்டும் எடுக்கவில்லை. அலமாரிக்குப் போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து மாட்டிக்கொண்டு வந்தார்.

"அப்ப வீடு உன் பேர்ல மட்டுமா?"

"ஆமாம். உங்க பேரைப் போட்டா லோன் வராதுன்னு நேத்துதானே சொன்னான்."

"இல்ல, பி.எஃப் என் பணமாச்சே. நாளைக்கு ஒண்ணுன்னா..."

"என்ன ஒண்ணு?"

"சும்மா கேட்டேன்." ஃபாரத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக. முடித்துவிட்டுப் பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த விதிமுறைகளுக்கு வந்தார். பிறகு தாளைக் கீழே வைத்தார்.

"ரெண்டு நாள் டைம் குடு வசந்தா, யோசிச்சுச் சொல்றேன். அவசரப்பட்டு எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது பாரு."

இருபது வருஷத்தில் இந்த மனிதர் ஒரு ஃபாரத்தை முழுசாகப் படித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

எனக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கைப்பக்கத்தில் வைத்தேன்.

"படிங்க. இன்னொரு தடவைகூடப் படிங்க. நீங்க போடற வரைக்கும் நான் இங்கேர்ந்து எந்திரிக்க மாட்டேன்."