நல்லரத்தினத்தின் வில்

லொறிக்குப் பாரம் தாங்கும் அடுக்கு வில் தேடுவது பெண் தேடுவதைவிடப் பெரிய கரைச்சல். நீளம் பொருந்தினால் அகலம் பொருந்தாது. இரண்டும் பொருந்தினால், தகடுகளைக் கோக்கும் நடு ஆணியின் துளை விலகி நிற்கும். போதாததற்கு உலகச் சண்டை. கப்பலில் ஒரு திருகாணிகூட வருவதில்லை. வில் உடைந்த லொறியை ஏறாவூரில் முகைதீன்பாவாவின் பழைய இரும்புக்கடை வாசலில் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, கனகசிங்கம் அளவுக் கயிறும் கையுமாகக் குவியலைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

கடைசியாக இழுத்த வில் கயிற்றுக்கு அச்சொட்டாக நின்றது. அகலமும் சரி. துளையும் நடுவில் இல்லாமல், முன்பக்கம் தள்ளி, இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. சேற்றைச் சுரண்டித் தகடுகளை எண்ணிக்கொண்டு போனவனின் விரல் நாலாவதில் நின்றுவிட்டது. அதில் மட்டும் வரிசையாக ஆணித் துளைகள்.

மாட்டுவண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டா அது. அண்ணன் நல்லரத்தினமும் இவனும் ஒரே வகை லொறி வாங்கியவர்கள். அண்ணனின் வில்லில் ஒரு தகடு உடைந்தபோது, அவன் மனைவி புஸ்பம் தன் தகப்பனின் வண்டிப் பட்டாவைக் கழற்றிக் கொடுத்தாள்; கொல்லன் வெட்டி வைத்தான். வண்டி இரும்புக்கு வளைந்து கொடுக்கத் தெரியுமா? பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஓலமிட்டது. "கிடக்கட்டும். நான் வாறன் எண்டு அவளுக்குத் தெரியும்தானே" என்று அண்ணன் சிரித்தான். ஒழுங்கைத் திருப்பத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் புஸ்பம் மீனைச் சட்டியில் போடுவாள்.

மூன்று மாரிக்கு முன், தெரு எது வாவி எது என்று தெரியாத வெள்ளத்தில் வவுணதீவுப் பக்கம் நெல் ஏற்றப் போனவன் திரும்பவில்லை. லொறியை விற்றுவிட்டுத் திருகோணமலையில் ஒருத்தியோடு இருக்கிறான் என்று ஊர் வாய் கூசாமல் சொன்னது. புஸ்பம் பொட்டை அழிக்கவில்லை.

"காக்கா, இது எங்கால வந்தது?" என்று கடைக்காரரைக் கேட்டான்.

"வாவியில தம்பி. தண்ணி வத்தின நேரம் மீன்காரனுகள் கழட்டிக் கொண்டுவந்தானுகள்."

"உள்ளுக்கு ஆள்...?"

முகைதீன்பாவா தொப்பியைச் சரிசெய்தார். "கதவு பூட்டினபடிதான் கிடந்ததாம். மறுகா என்னத்தக் கேக்கிறாய், மனெ."

அண்ணன் யாரோடும் ஓடவில்லை. இத்தனை காலமும் தண்ணீருக்கடியில் இருந்திருக்கிறான். சொன்னால் அவன் பேர் மீளும், புஸ்பத்தின் பொட்டுப் போகும். அந்த நெற்றியை வெறுமையாக்க இவனுக்கு மனம் வரவில்லை. வேறு வில்லும் கிடையாது. லொறிக்கடியில் கிடக்கிற இரும்பை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணி, அதையே மாட்டினான்.

தார் ரோட்டில் லொறி வாய் திறக்கவில்லை. செங்கலடியில், அண்ணன் வீடும் இருந்த தன் ஒழுங்கைக்குத் திரும்பி முதல் பள்ளத்தில் விழுந்ததும் ஓலமிட்டது. கனகசிங்கம் தலையில் அடித்துக்கொண்டான். இதை எப்படி மறந்தான், மடையன்! பக்கத்து ஆசனத்தில் ஈரத்தோடு யாரோ இருப்பதுபோல் பட்டது. திரும்பிப் பார்க்கப் பயந்தான். லொறி அடுத்த பள்ளத்திலும் கத்தியது.

படலை திறந்தது. புஸ்பம் அகப்பையும் கையுமாக, முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள். சாரதி ஆசனத்தில் இவனைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. தரையில் குந்தி, லொறிக்கடியில் கையை விட்டாள். அவள் விரல் ஆணித் துளைகளை ஒவ்வொன்றாகத் தடவியது.

"தம்பி, எங்க கிடந்தது?"

"வாவிக்குள்ள, மச்சாள்."

"அப்ப, அவர் ஒரு இடமும் போகல்ல."

"இல்ல மச்சாள். வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார்."

சேறு அப்பிய அந்தக் கையாலேயே அவள் பொட்டை அழித்தாள். உள்ளே சட்டியில் மீன் கருகிக்கொண்டிருந்தது.