நிறுத்தத்துக்குத் தனிக்கூலி

கல்யாணம் நடத்தி வைப்பவரின் அறை டயர் கடைக்கு மேலே இருந்தது. அவரை வெண்கலத் தொண்டை என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஒருமுறை மண்டபத்தில் அவர் ‘சம்மதமா?’ என்று கேட்டதற்கு, மூன்றாவது தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி இருவரும் ‘சம்மதம்’ என்று சொல்லிச் சமாதானமாகிவிட்டார்கள். இதில் பொய்யென்று சொல்ல ஒன்றுமில்லை. தெரு மட்டும் நான்காவதாக இருக்கலாம்.

தராசு பழுது பார்ப்பவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது மாப்பிள்ளைக்கு நுனி போதும் என்று நினைத்தாரோ என்னவோ. கட்டிக்கொள்ளப் போகிறவள் பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள். பக்கத்தில் இருந்த அவருடைய ஒரே மகள், காய்கறி மண்டியில் விலை பேசுகிறவள். அவள் கையில் எடுத்தால் கத்தரிக்காய் தானாகவே விலையைக் குறைத்துக்கொள்ளும். அப்பா மறுமணச் செய்தியைச் சொன்ன அன்று அவள் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. “சட்டை புதுசா எடுக்கணுமா, இருக்கறதே போதுமா?” என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“ஐயாயிரம்” என்றார் தொண்டை.

“ஐயாயிரமா? அண்ணே, அந்தக் காசுக்கு நானே நாலு கல்யாணம் பண்ணி வெச்சிருவேன்.”

“வைம்மா. பிரிச்சு விடறதுக்கு மட்டும் எங்கிட்ட அனுப்பாத.”

“எவ்ளோ நேரம் பேசுவீங்க?”

“அரை மணி.”

“அதை எடுத்துருங்க. ஆயிரம் கழிங்க.”

“பேச்சு இனாம்மா. நான் வாயை மூடறதுக்குத்தான் காசு.”

இழுபறியில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு வந்து நின்றது. தொண்டை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “இது போக அந்த ஐந்நூறு தனி” என்றார்.

“எந்த ஐந்நூறு?”

தராசுக்காரர் இருமினார். இருமல் உதவவில்லை.

“முந்தாநாள் உங்கப்பா தனியா வந்தாரே. ‘யாருக்காவது ஆட்சேபணை உண்டா’ன்னு கேட்டுட்டு நான் கொஞ்சம் நிறுத்துவேன், சபை யோசிக்கட்டும்னு. அந்த இடத்துல நிக்காம ஓட்டிருங்கன்னு சொன்னாரு. இருபது வருசப் பழக்கம்மா, சும்மா மாத்த முடியுமா?”

தராசு முள் நிலைக்கும்வரை தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பது அவர் தொழில். மகள் விஷயத்தில் மட்டும் அவருக்கு அந்தத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்தார்.

“நான் எந்திரிச்சிருவேன்னு பயமாப்பா?”

“உன்ன இல்லம்மா... சபைன்னா ஆயிரம் பேரு...”

“வரப்போறது முப்பது பேரு.” அவள் தொண்டையிடம் திரும்பினாள். “ஐந்நூறு கெடையாதுண்ணே. வழக்கம்போலவே நிறுத்துங்க. நல்லாவே நிறுத்துங்க.”

படியிறங்கும்போது அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். “இன்னைக்கு வெங்காயம் என்ன விலை?” என்றுதான் வந்தது. சொன்னாள். “பரவால்லையே” என்றார்.

கல்யாணத்தன்று தொண்டை கேட்டார், நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் ஒரு குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அது மிகை, பாதிப் பல்தான். மணப்பெண் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

மகள் எழுந்துவிட்டாள்.

அவள் மேடைக்கு வரவில்லை. சுவரோரம் கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியிடம் போய் அதை அணைத்தாள்.

“இன்னொருக்கா கேளுங்கண்ணே. இந்தச் சத்தத்துல யாருக்கும் காதுல விழுந்திருக்காது.”

அவள் உட்காரவில்லை, அங்கேயே நின்று அப்பாவைப் பார்த்தாள். தொண்டை மூச்சை இழுத்தார். விசிறி வேகம் இழந்து, அதுவரை வட்டமாக மட்டுமே தெரிந்த இடத்தில் ஒவ்வோர் இறக்கையாகத் தெரியத் தொடங்கியது.