எழும்பினால் அவுட்

மழை விட்டபாடில்லை. குறிஞ்சாக்கேணித் தெரு ஒழுங்கையெல்லாம் முழங்கால் தண்ணீர், வெளியே நடக்க வழியில்லை. சுஹைராவின் மூத்த மகள் பஸ்னாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். உடம்பை அசைக்கச் சொல்லி கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். சுஹைராவின் கணவர் ஜமால்தீனுக்கும் அதே புத்திமதிதான். மோட்டார் சைக்கிளால் விழுந்து முறிந்த கால் எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது, இனிப் பயமில்லாமல் நடக்கலாம் என்றார் டொக்டர். மனுசன்தான் நம்பவில்லை. கதிரையை விட்டு எழும்ப அவருக்குச் சுஹைராவின் தோள் வேண்டும். அவளும் அவர் கூப்பிடுமுன்னே ஓடிப்போய் நிற்பாள்.

இளையவள் அம்ரா ஒரு பலூனை ஊதிக்கொண்டு வந்து, ஹோலின் குறுக்கே கொடிக்கயிற்றைக் கட்டினாள்.

"எல்லாரும் இருந்துதான் விளையாடணும். எழும்பினா அவுட். உம்மாதான் நடுவர்."

ஒரு பக்கம் வாப்பா, மறுபக்கம் மகள்மார். முதலில் ஜமால்தீன் வேண்டாவெறுப்பாகத் தட்டினார். பஸ்னா இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள். அவர் சரிந்து, எட்டி, மூச்சிரைக்கத் திருப்பி அடித்தார். கூச்சல் மழைச் சத்தத்தையும் அமுக்கிவிட்டது.

அம்ரா பலூனை உயரத் தூக்கி அடித்தாள். அது அவர் தலைக்கு மேலால் போனது. படாரென்று எழும்பி அடித்தார் ஜமால்தீன்.

"வாப்பா அவுட்!"

"நான் எப்ப எழும்பினன்? பொய்!"

"இப்பவும் நிண்டுகொண்டுதான் கதைக்கிறீங்க!"

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். முகம் வெளிறியது. சுஹைராவின் கைகள் தானாக அவரை நோக்கி நீண்டன. அவற்றை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"உம்மா, நடுவர் சொல்லுங்க!"

"ஓம், எழும்பினவர்தான்," என்றாள். "அவுட்."

ஜமால்தீன் கதிரையைப் பிடிக்காமலே நின்றார். பிறகு ஒரு கால் மாற்றி மறு காலை ஊன்றிப் பார்த்தார். கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இந்தச் சட்டம் சரிவராது புள்ள. வயசானவன இருத்திவச்சு வெல்லப் பாக்கிறீங்க. நிண்டு விளையாடுவம். பஸ்னா மட்டும் இருக்கட்டும்."

"அப்ப உங்கட பக்கம் ஒராள் குறையுதே!" என்றாள் அம்ரா.

"நடுவர் வேலை போதும், வாங்க இஞ்சால," என்று அவர் சுஹைராவைக் கூப்பிட்டார்.

சுஹைரா சேலையைத் தூக்கிச் செருகினாள். அவள் அடித்த முதல் அடியிலேயே பலூன் மின்விசிறியில் பட்டு வெடித்தது.

"இன்னொண்டு ஊதுங்கடி!" என்று கத்தினாள் சுஹைரா.